துக்கம், நினைவு, விசுவாசம்: கிறிஸ்தவ மிகுபுனைவு எழுத வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் கண்டோன்மென்ட் பகுதியிலும் அதையொட்டிய பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் போன்ற இடங்களிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களில், மரணத்தையும் மறுமையையும் கற்பனையின் துணையோடு கதையாக்க விரும்புகிறவர்கள் சிலர் உண்டு. எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் அப்படிப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

கேள்வி: கிறிஸ்தவ மிகுபுனைவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

நாம் அறிந்த உலகில் நடக்க முடியாத ஒன்றையோ இதுவரை நடந்திராத ஒன்றையோ நடுவில் வைத்து, அதைக் கிறிஸ்தவ விசுவாசத்தின் கேள்விகளோடு மோதவிடும் கதையைச் சொல்கிறேன். அந்த ஒன்று இயந்திரமாக இருக்கலாம், வருங்கால நகரமாக இருக்கலாம், கல்லறையிலிருந்து எழுந்து வந்த மனிதராகவும் இருக்கலாம். ஒரு தேவதூதன் வந்துபோவதால் மட்டும் கதை இந்த வகைக்குள் வந்துவிடாது. விசுவாசத்தை உருவி எடுத்த பிறகும் கதை அப்படியே நிற்குமானால், அது நல்ல கதையாகவே இருக்கலாம், ஆனால் இந்த வகையைச் சேர்ந்ததல்ல.

கேள்வி: வேதாகமம் சொல்லாததைக் கற்பனை செய்து எழுதுவது தவறில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல விசுவாசிகள். அவர்களுடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால், தமிழில் இதற்கு முன்னோடி இல்லை என்று அவர்கள் நினைப்பதை ஏற்க முடியவில்லை. வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணியில், திருமுழுக்கு யோவான் கருணையன் என்ற பெயரோடு வருகிறார். கானகத்தில் தாய் எலிசபெத்தோடு வாழும் அவர், தாய் இறந்தபின் பூக்களைப் பரப்பி உடலை அடக்கம் செய்துவிட்டு, பூக்களோடு கண்ணீரையும் அதன்மேல் பொழிகிறார். அவர் புலம்ப, மரங்களும் சுனைகளும் சேர்ந்து அழுவதுபோல் காடு ஒலிக்கிறது. பள்ளிப் பாடநூலில் இந்தப் பகுதியை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர் இருப்போம்.

இப்போது லூக்கா சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். எலிசபெத்து கர்ப்பவதியாகிறாள், மரியாளை வாழ்த்துகிறாள், பிள்ளையைப் பெற்று அவனுக்கு யோவான் என்று பேரிடச் சொல்கிறாள். அதன்பின் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எப்போது இறந்தாள், யார் அடக்கம் செய்தார்கள் என்பதை நான்கு சுவிசேஷங்களில் எதுவும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஓர் இத்தாலியத் துறவி தமிழ்ப் புலம்பலைக் கொண்டுபோய் வைத்தார். பிறகு எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1678-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஜான் பனியனின் பயண உருவகத்தைத் தழுவி, இரட்சணிய யாத்திரிகத்தைக் காப்பியமாகப் பாடினார். அது 1894-இல் வெளியாயிற்று. பழைய தமிழில் எழுதப்பட்டுவிட்டதால் மட்டுமே இவற்றை நாம் பக்தி இலக்கியம் என்று எளிதாக ஏற்றுக்கொள்கிறோம் என்பது என் சந்தேகம்.

ஆகவே நான் சொல்லும் வழி இதுதான்: வேதம் தெளிவாகப் பேசியிருப்பதை மாற்றாதீர்கள், அது பேசாமல் விட்டிருக்கும் இடத்தைத் தேடுங்கள். துக்கத்தைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். எல்லாவற்றையும் இழந்த யோபுவுக்கு, அவர் கதையின் கடைசி அதிகாரத்தில், இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கின்றன: 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன, 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆகின்றன. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும்தான். பின்னால் பிறந்த மூன்று பெண்களுக்கும் எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்று பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. வீடு இடிந்து விழுந்து இறந்த முதல் மூன்று பெண்களின் பெயர் எங்கும் இல்லை. பத்துப் பிள்ளைகளைப் புதைத்த வீட்டில் பதினோராவதாகப் பிறந்து வளர்வது எப்படி இருக்கும், அக்காவின் வளையலை எமீமாளுக்குப் போட்டுவிடத் தாய்க்கு மனம் வந்திருக்குமா என்று கேட்டால் அங்கிருந்தே ஒரு கதை தொடங்கிவிடும்.

கேள்வி: இறந்தவரைக் கதையில் திரும்பக் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம். ஆனால் இந்த வகையில் எழுதுகிறவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடமும் இதுவே. துக்கத்தில் இருக்கும் ஒருவர் எழுதும்போது, இறந்தவர் திரும்பி வந்து, சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லி, மன்னிப்பும் ஆசீர்வாதமும் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அது எழுதுகிறவரின் ஆசை. அந்த ஆசை நிறைவேறும்வரை மட்டுமே கதை நீண்டால் வாசகருக்கு அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சுவிசேஷங்கள் இந்த விஷயத்தில் வியக்கத்தக்க சிக்கனம் காட்டுகின்றன. மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துகொள்கிறாள். உடனே தன்னைத் தொடவேண்டாம் என்கிறார். எம்மாவுக்குப் போன இருவரும் வழியெல்லாம் அவரோடு பேசியும் அடையாளம் காணாமல், அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது காண்கிறார்கள். கண்ட அந்த நொடியிலேயே அவர் மறைந்துபோகிறார். அடையாளம் தெரிகிறது, ஆனால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. தோமாவுக்குக் காட்டப்பட்ட கைகளில் காயம் ஆறிப்போயிருக்கவும் இல்லை.

இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசரு இதற்கு நேர்மாறானவன். அவன் உண்மையாகவே குடும்பத்துக்குத் திரும்பக் கிடைக்கிறான். ஆனால் நாலு நாள் கல்லறையில் கிடந்தவன் அங்கே என்ன கண்டான் என்று யோவான் சுவிசேஷத்தில் ஒரு வார்த்தையாவது பேசியிருக்கிறானா என்று தேடிப் பாருங்கள். பேசவே இல்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கிறான், பிரதான ஆசாரியர்கள் அவனையும் கொல்ல ஆலோசிக்கிறார்கள். அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் அவனை இன்னொரு முறை அடக்கம் செய்யவேண்டியிருந்திருக்கலாம். அந்தப் பந்தியில் மார்த்தாள் பரிமாறும்போது அண்ணனோ தம்பியோ ஆன அவனிடம் என்ன கேட்டாள், அவன் ஏன் பதில் சொல்லவில்லை என்பதைக் கதையாக்குகிறவர், அவன் பரலோகத்தைப் பத்துப் பக்கத்துக்கு வர்ணிப்பதாக எழுதுகிறவரைவிட ஆழமாகப் போகமுடியும்.

கேள்வி: இறந்தவரின் குரலைக் கணினியில் உருவாக்கும் கதைகள் இப்போது நிறைய வருகின்றன. விசுவாசி ஒருவர் இதை எப்படி எழுதுவது?

பெங்களூரில் இது வெறும் கற்பனையாகக்கூடத் தோன்றாது. இப்படிப்பட்ட மென்பொருள்களோடு வேலை செய்கிறவர்கள் நம் சபைகளிலேயே இருக்கிறார்கள். ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். ஒயிட்பீல்டில் வேலை பார்க்கும் மகனுக்குக் காக்ஸ் டவுனில் இருந்த அம்மா தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பிவந்தார். முதலில் லேசான இருமல், பிறகு "தம்பி, சாப்பிட்டியா?", அதன்பின் அன்றைய வாக்குத்தத்த வசனம். பின்னணியில் குக்கர் விசில். அம்மா இறந்தபிறகு அந்தப் பதிவுகளையெல்லாம் கொடுத்து அவருடைய குரலை மகன் உருவாக்குகிறான். குரல் அச்சு அசலாக வருகிறது. ஆனால் மென்பொருள் குக்கர் விசிலையும் இருமலையும் தேவையற்ற இரைச்சலாகக் கருதி நீக்கிவிட்டிருக்கிறது. சுத்தமான அந்தக் குரலைக் கேட்டவுடன், தான் அவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தது அந்தச் சமையலறையையும் சேர்த்துத்தான் என்று அவனுக்குப் புரிகிறது.

இதுவரை இது நல்ல அறிவியல் கதை. நாம் பேசும் வகைக்குள் அது நுழைவது அடுத்த காலையில்: குரல் வசனத்தைச் சொல்லி முடித்தபின், கற்பிக்கப்படாமலேயே, அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்குகிறது. அவன் ஆமென் சொல்லவேண்டுமா? ஜெபிப்பது யார்? அம்மா உயிரோடிருந்தபோது ஏறெடுத்த ஜெபங்களின் சொற்களே திரும்ப வருகின்றன என்றால், அவை கடவுளிடம் ஏற்கெனவே சேர்ந்தவை அல்லவா? இந்தக் கேள்விகளுக்குக் கதாசிரியர் தீர்ப்பு எழுதவேண்டியதில்லை. மகன் அந்தக் காலையில் என்ன செய்தான் என்பதை மட்டும் நேர்மையாக எழுதினால் போதும்.

இதற்கு வேதத்தில் துணை தேடுகிறவர்கள் மரித்தவர்களிடம் குறிகேட்கக்கூடாது என்னும் உபாகமம் 18-ஆம் அதிகாரத் தடையை மட்டும் காட்டி நிறுத்திவிடுகிறார்கள். நான் 1 சாமுவேல் 28-ஐ முழுவதும் வாசிக்கச் சொல்வேன். அஞ்சனம் பார்க்கிறவர்களைத் தேசத்திலிருந்து துரத்திய அதே சவுல் ராஜா, பெலிஸ்தரின் படையைக் கண்டு பயந்து, வேஷம் மாறி, மாண்டவர்களை எழும்பிவரச் செய்யும், எந்தோரில் இருந்த ஒரு பெண்ணிடம் இரவில் போகிறான். மரித்துப்போன தீர்க்கதரிசி சாமுவேல் எழும்பி வந்து, தன்னை ஏன் கலைத்தாய் என்று கடிந்துகொள்கிறார். நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடு இருப்பீர்கள் என்கிறார். சவுல் தரையில் நெடுங்கிடையாக விழுகிறான். இரவும் பகலும் ஒன்றும் சாப்பிடாததால் அவனுக்குப் பெலன் இல்லை. இதற்குப் பின் வரும் சில வசனங்களைப் பிரசங்கத்தில் எடுத்துப் பேசுவது அரிது. அந்தப் பெண் அவனைச் சாப்பிடும்படி வேண்டுகிறாள், அவன் மறுக்கிறான், மேலும் வருந்திக் கேட்கிறாள், தன் வீட்டிலிருந்த கொழுத்த கன்றை அவசரமாக அடித்து, மாவு பிசைந்து, புளிப்பில்லாத அப்பம் சுட்டு அவன் முன் வைக்கிறாள். மாண்டவரிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது பயம்; சாப்பாடு கிடைத்தது, அவன் யாரைத் துரத்தினானோ அவளிடமிருந்து. தடையை எழுதியதோடு நிற்காமல், தடையை மீறியவனின் பசியையும் எழுதி வைத்திருக்கும் நூல் இது. குரல் இயந்திரத்தைப் பற்றிய கதையிலும் அந்தப் பெண்ணின் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி: பரலோகத்தில் நினைவு இருக்குமா? கதையில் எப்படிக் காட்டுவது?

வேதத்தில் இரண்டு பக்கத்துக்கும் இடம் உண்டு. ஏசாயா 65:17 புதிய வானத்தையும் புதிய பூமியையும் பற்றிச் சொல்லும்போது, முந்தினவைகள் இனி நினைக்கப்படுவதில்லை என்கிறது. லூக்கா 16-இல் ஆபிரகாம், மரித்து வேதனைப்படும் ஐசுவரியவானிடம் நினைத்துக்கொள் என்கிறார். அவனும் தன் ஐந்து சகோதரரை மறக்கவில்லை. நினைவே இல்லாத பரலோகத்தில் நம்மை வரவேற்கும் தாய் நம்மை எப்படி அறிவாள் என்பதும், எல்லா நினைவும் உள்ள பரலோகத்தில் அழுகை எப்படி ஓயும் என்பதும் ஒரே அளவு கடினமான கேள்விகள்.

நான் இங்கே பழைய இறையியலாளர் அகுஸ்தீனாரிடம் போகிறேன். கி.பி. 387-இல் அவருடைய தாய் மோனிக்கா, ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் இறந்துபோனார். என் உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், பலிபீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் கேட்டது. அழக்கூடாது என்று அகுஸ்தீனார் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார். கதறிய தன் சிறுவனான மகனையும் சுற்றியிருந்தவர்கள் அடக்குகிறார்கள். துக்கம் தணியும் என்று கேள்விப்பட்டுக் குளிக்கப் போகிறார், குளித்தும் தணியவில்லை. தூங்கி எழுந்த பிறகே கண்ணீர் வருகிறது. தன் வாழ்வைக் கடவுளிடம் அறிக்கையிடும் நூலின் ஒன்பதாம் புத்தகத்தில் இதை எழுதிய அவர், அடுத்த புத்தகத்தில் நேராக நினைவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்: நினைவு என்பது என்ன, அதில் கடவுள் எங்கே இருக்கிறார் என்று. தாயின் மரணத்திலிருந்து நினைவின் ஆராய்ச்சிக்கு அவர் போன அந்த வழியே, இந்த வகைக் கதைகளுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த அமைப்பு என்று நினைக்கிறேன். முதலில் குளித்தும் தணியாத துக்கம். தத்துவம் அதற்குப் பிறகு வரட்டும்.

கேள்வி: மறதிநோய் வந்த பெற்றோரைப் பற்றி எழுத விரும்புகிறேன். இது மிகுபுனைவாகுமா?

மறதிநோய் மட்டும் இருந்தால் அது யதார்த்தக் கதை. பிள்ளைகளின் பெயரை மறந்த பாட்டி, கீர்த்தனையின் எல்லாச் சரணங்களையும் தவறாமல் பாடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். அதில் மிகுபுனைவு எதுவும் இல்லை. ஆனால் சங்கீதம் 88 "மறதியின் பூமி" என்று ஓர் இடத்தைச் சொல்கிறது. பாட்டி மறந்த ஒவ்வொன்றும் அங்கே போய்ச் சேர்வதாகவும், பேத்தி அங்கே போய்ப் பார்ப்பதாகவும் எழுதினால் கதை வேறு தளத்துக்குப் போய்விடும். அங்கிருந்து எதைத் திரும்ப எடுத்துவர அவளுக்கு அனுமதி உண்டு என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன், மனைவி கத்தோலிக்கர். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதைக் கதையில் எப்படிக் கையாளுவது?

இருவரின் நிலைப்பாட்டையும் கதைமாந்தர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். மரித்தவர்கள் பரலோகம் சேருமுன் தூய்மையாக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தையும், மரித்தவர்களுக்காக ஒப்புக்கொடுக்கும் திருப்பலியையும் கத்தோலிக்கர் ஏற்கிறார்கள். சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்த சபைகள் ஏற்பதில்லை. மரித்தோர் நினைவு நாளான நவம்பர் 2-ஆம் தேதி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும் மருமகளும், பூ வைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் மாமியாரும் ஒரே குடும்பக் கல்லறையின் முன் நிற்கும் காட்சியில், யார் சரி என்று ஆசிரியர் சொல்லத் தொடங்கினால் கதை போய்விடும்.

கேள்வி: ஆறுதல் தராமல் கதையை முடிக்கலாமா? வாசகர்களின் விசுவாசம் குலைந்துவிடாதா?

முடிக்கலாம். மேலே சொன்ன 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதை யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்திருப்பதால் அழுகை தேவையற்றதாகிவிடவில்லை.

கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940-இல் வேதனையின் காரணத்தைப் பற்றித் தெளிவான, வாதத்திறன் மிக்க நூல் ஒன்றை வெளியிட்டார். 1960-இல் மனைவி ஜாய் இறந்த பின் அவர் எழுதிய குறிப்புகளோ கோபமும் சந்தேகமும் நிறைந்தவை. 1961-இல் அவற்றைப் புனைபெயரில்தான் வெளியிட்டார். இன்றைக்குத் துக்கத்தில் இருக்கும் ஒருவர் என்னிடம் வந்தால் நான் இரண்டாவது நூலைத்தான் எடுத்துக் கொடுப்பேன். ஆறுதல் அவசரமாக வரும்போது, எழுதியவர் துக்கத்தைக் கண்டு பயந்திருக்கிறார் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். நம் அடக்க ஆராதனைகளிலும் இதே அவசரம் உண்டு: பெட்டியை மூடும்முன்பே, அழாதீர்கள், அவர் கர்த்தரிடம் போய்விட்டார் என்று சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: பெங்களூரைக் களமாக வைப்பதால் என்ன கிடைக்கும்? தேவதைகளும் அற்புதங்களும் இந்த ஊருக்குப் பொருந்துமா?

வேறெந்த ஊரையும்விட நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே தமிழர்களின் துக்கம் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கிறது. 1809-இல் கண்டோன்மென்ட் அமைந்ததிலிருந்து சிப்பாய்களாகவும் வேலைக்காரர்களாகவும் வணிகர்களாகவும் வந்தவர்கள் நாம். 1898-இல் பிளேக் பரவியபோது மக்கள் வீடுகளைவிட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்; பழைய குடியிருப்புகளின் நெரிசலைத் தவிர்க்கப் புதிதாக எழுப்பப்பட்ட குடியிருப்புகளில் ஒன்றுதான் இன்றைய பிரேசர் டவுன். பிளேக்கில் இறந்தவர்களை இன்றும் காணக்கூடிய ஒரு சிறுமி அங்கே வாழ்ந்தால், அவளுக்கு நேர்கோட்டுத் தெருக்கள் எப்படித் தெரியும்?

கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்களை மறந்துவிடாதீர்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இப்போது தண்ணீர் நிறைந்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி வேலைக்காகப் பெங்களூருக்கு வந்துபோகிறார்கள். பாறை வெடிப்பில் இறந்த தாத்தா அதே ரயிலில் பேரனுக்கு எதிரே உட்கார்ந்து வருவதாக எழுதினால், ஆழங்களிலிருந்து கூப்பிடுகிறேன் என்னும் 130-ஆம் சங்கீதம் அந்தக் கதைக்குள் தானாகவே வந்து சேரும்.

கல்லறைகளும் இருக்கின்றன. ஓசூர் சாலையிலும் கல்பள்ளியிலும் இடநெருக்கடி காரணமாகக் குடும்பக் கல்லறையையே திறந்து அடுத்தவரை அடக்கம் செய்வது நமக்குப் பழக்கமான ஒன்று. அப்பாவை வைக்கும்போது தாத்தாவின் எலும்புகளைத் துணியில் கட்டி ஓரமாக வைப்பதை நின்று பார்த்தவருக்கு, உலர்ந்த எலும்புகள் உயிர்பெறும் எசேக்கியேலின் எலும்புப் பள்ளத்தாக்கைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது. இதை விட்டுவிட்டு, பனி பெய்யும் வடதேசக் கோட்டைகளை எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் சற்றுப் பொறுமை இழந்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொள்ளவேண்டும்.

கேள்வி: கதைமாந்தர்கள் வேதாகமத் தமிழில் பேசவேண்டுமா?

ஜெபத்தில் பேசலாம், சமையலறையில் வேண்டாம். "தேவரீர்" என்று ஜெபித்து முடித்த கையோடு கன்னடம் கலந்த தமிழில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதுதான் நம் வாழ்க்கை. தூதன் எப்படிப் பேசவேண்டும் என்பதுதான் கடினம். குறைவாகப் பேசவைப்பது நல்லது.

கேள்வி: எழுதிய கதையை நினைவு ஆராதனையில் வாசிக்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம் என்பேன். மரித்தவரின் குடும்பத்தில் எல்லாரும் ஒரே நிலையில் துக்கப்படுவதில்லை. அம்மா இயந்திரக் குரலில் பேசுவதாக நீங்கள் எழுதியதை, நேற்றுவரை அம்மாவின் கைபேசியைத் திறக்கவே முடியாமல் இருந்த தங்கை மண்டபத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டியிருக்கும். குடும்பமே விரும்பிக் கேட்டால், கதையை முதலில் அவர்கள் ஒவ்வொருவரும் தனியாக வாசிக்கக் கொடுங்கள். ஆராதனை நடத்தும் ஐயரிடமோ (போதகரிடமோ) பங்குத்தந்தையிடமோ முன்கூட்டியே காட்டுங்கள். அவர் சில வரிகளை நீக்கச் சொன்னால், அந்த மேடையைப் பொறுத்தவரை அது அவருடைய உரிமை. ஐந்து நிமிடத்துக்குள் முடியும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். உயிரோடிருப்பவர்களின் பெயர்களை மாற்றிவிடுங்கள். மரித்தவர் அனுப்பிய குரல் பதிவிலிருந்தோ கடிதத்திலிருந்தோ எடுத்த சொற்கள் கதையில் இருந்தால், அவற்றை வாசிக்க மனைவியோ கணவரோ பிள்ளைகளோ சம்மதித்த பிறகே வாசியுங்கள். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும், அந்தப் பகுதியை விட்டுவிட்டு ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்காருங்கள்.